மூத்த மருமகன் செய்த தொட்டி

மாரீஸ்வரனுக்கு ஹெலிகாப்டர் என்ற சொல்லே பிடிக்காமல் போய்ச் சில வருஷம் ஆகிறது. சகலை ஹரி அந்த வீட்டுக்கு இளைய மருமகனாக வந்த நாளிலிருந்து அப்படித்தான். மும்பைக்கு அப்பால் நடுக்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற மேடையில் ஹரிக்கு வேலை. நாலு வாரம் கடலில், நாலு வாரம் கரையில். மேடைக்குப் போவதும் வருவதும் ஹெலிகாப்டரில். மாமியார் சண்முகவடிவு இதைச் சொல்லாத ஆள் திருச்சுழியில் கிடையாது. வெண்டைக்காய் விலை கேட்கும்போதுகூட நடுவில் ஹெலிகாப்டர் ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறங்கும்.

மூத்த மருமகன் மாரீஸ்வரன் போவதும் வருவதும் எக்ஸ்எல் வண்டியில். அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் அவனுக்கு வெல்டிங் பட்டறை. கேட்டு, கிராதி, ஷட்டர், டிராக்டர் தொட்டி என்று எது வந்தாலும் செய்வான். சுத்தமான வேலை. இரண்டு தகடு சேருகிற இடத்தில் அவன் வைத்த வெல்டிங் தையலில் விரலை ஓட்டினால் தட்டாது. இதை யாரும் காய்கறிக்காரியிடம் சொன்னதில்லை.

மாமனார் வெள்ளத்துரைக்குத் திருச்சுழியில் பலசரக்குக் கடை. அதோடு எம்.ரெட்டியபட்டி பஸ் ரோட்டில் ஒரு தண்ணி பிளான்ட்டும் போட்டிருந்தார். அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. அதைத் தொட்டியில் ஏற்றி, மெஷினில் வடிகட்டி, கேனில் அடைத்து விற்பார். பிளான்ட் ஆரம்பித்தபோது பிளாஸ்டிக் தொட்டி வாங்கத்தான் இருந்தார். மறித்தது மாரீஸ்வரன்தான்.

"மாமா, இந்த வெயிலுக்குப் பிளாஸ்டிக் வெடிச்சுப் போகும். நான் இரும்புல செஞ்சு தாரேன். உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

செய்தும் கொடுத்தான். நாலு காலில் நிமிர்ந்து நின்ற தொட்டி. நீலப் பெயின்ட். ரோட்டைப் பார்த்த பக்கத்தில் சிவப்பு எழுத்தில் பட்டறை பெயரும், அதற்குக் கீழே போன் நம்பரும். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் படிக்கலாம். வெள்ளத்துரையும் யாராவது கேட்டால், "மூத்தவரு தொட்டி" என்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்பதற்காகவே மாரீஸ்வரன் வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய் வந்தான்.

அந்த வீட்டில் பண்டிகைச் சாப்பாட்டுக்கு முதல் இலை மூத்த மருமகனுக்குத்தான். மாமனாரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைப்பார். ஹரி வந்த முதல் தீபாவளிக்கு, "பிரயாணக் களைப்பு" என்று சொல்லி அவனை முதலில் உட்கார வைத்துவிட்டார். ஒரே ஒரு தடவைதான். ஆனால் மாரீஸ்வரன் அந்த இலையை இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

ஹரி ஒன்றும் கெட்டவன் இல்லை. வளவள என்று பேசுவான், அவ்வளவுதான். அதுவும் வேலையைப் பற்றி ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். கடலுக்கடியில் இரும்பு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் உத்தியோகம்.

"அந்த மேடை காலு பூராம் இரும்புதான் மாமா. நம்ம அண்ணன் பட்டறையில கெடக்கிற இரும்புக்குச் சொந்தக்காரந்தான். உப்புத் தண்ணி அதைத் தின்னாம விடாது. அதனால அது திங்கிறதுக்குன்னே வேற ஒன்னை அந்தக் காலோட சேத்துக் கட்டி விடுறோம். துத்தநாகக் கட்டி, இல்லேன்னா அலுமினியக் கட்டி. தண்ணி கட்டியத் திங்கும், கால விட்டுரும். கட்டி கரையும், காலு நிக்கும்."

"அது சரி, ஹெலிகாப்டர்ல ஜன்னலத் தெறந்துக்கிடலாமா?" என்பாள் சண்முகவடிவு.

"வாயு வார குழாய் இன்னும் மோசம் அத்தை. அழுகின முட்டை நாத்தத்தோட ஒரு சரக்கு கலந்து வரும். அது பட்டா ரொம்பக் கெட்டியான இரும்புதான் முதல்ல வெடிக்கும். நாங்க ஒரு போல்ட்டு வாங்குறதுன்னாக்கூட, அளவுக்கு மிஞ்சிக் கெட்டியா இருக்கான்னு பாத்துத்தான் வாங்குவோம். கெட்டியா இருந்தா வேண்டாம்னு திருப்பி அனுப்பிருவோம்."

"மேடையில மீன் கொழம்பு வைப்பாகளா?" என்பார் வெள்ளத்துரை.

மாரீஸ்வரன் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டான். குனிந்த தலை நிமிராமல் ரசத்தைப் பிசைந்துகொண்டிருப்பான். காது மட்டும் இலைக்கு அந்தப் பக்கம் கிடக்கும். இவன் யார், எனக்கு இரும்பைப் பற்றிச் சொல்வதற்கு என்று உள்ளே பொருமிக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்பான். வீட்டுக்கு வந்த பிறகு, "சும்மா பீலா விடுறான்" என்று மனைவி தங்கச்செல்வியிடம் சொல்வான். அவள் அக்காக்காரி. தங்கை பிரவீணாவின் புருஷனை விட்டுக்கொடுக்கவும் மாட்டாள், தன் புருஷனை ஏமாற்றவும் மாட்டாள்.

"உங்களுக்கு வயிறு எரியுது. மோரு கொண்டாரவா?" என்பாள்.

தொட்டி ஒழுக ஆரம்பித்தது. ஒரு வருஷத்துக்குள் அடித்தட்டில் ஊசித் துளை. மாரீஸ்வரன் போய் ஒட்டு வைத்தான். அடுத்த மாதம் இன்னோர் இடத்தில். அதற்கும் ஒட்டு. தையல் எங்கேயும் விடவில்லை, தகட்டைத்தான் தண்ணி தின்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் ஒழுகுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தையலின் பெருமையை யாரிடம் பேசுவது.

அந்த லீவில் வந்த ஹரி, தூத்துக்குடியில் படகுக்கு அடியில் மாட்டுகிற துத்தநாகக் கட்டிகள் நாலு வாங்கி வந்தான். தொட்டிக்குள் இறங்கினான். கட்டியோடு சேர்ந்த இரும்புப் பட்டை உட்காருகிற இடத்தில் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்து, வெறும் இரும்போடு இரும்பு தொடுகிற மாதிரி முடுக்கி, தண்ணீருக்குள் முங்குகிற உயரத்தில் கட்டிகளை மாட்டினான். ஏணிக்கு மேலே நின்றிருந்த மாரீஸ்வரனிடம் அண்ணாந்து சொன்னான்.

"அண்ணே, தொட்டிக்கு உள்பக்கம் எத்தனை கோட்டு வேணும்னாலும் அடிங்க, நல்லதுதான். கட்டி மேல மட்டும் ஒரு சொட்டு படக் கூடாது. பட்டுச்சுன்னா அது சும்மா தொங்குற கல்லு."

"ம்" என்றான் மாரீஸ்வரன்.

அதற்குப் பிறகு தொட்டி ஒழுகவில்லை. ஒரு கோடை போனது, ஒரு மழை போனது, ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. மாரீஸ்வரனுக்கு அது ஒழுகியபோது இருந்த வேதனையைவிட ஒழுகாதபோது இருந்த வேதனை பெரிதாக இருந்தது. ஏனென்றால் வெள்ளத்துரை இப்போது வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தொட்டியைக் காட்டி வேறு பெயர் சொன்னார்.

"இதுவா? இது சின்னவரு தொட்டி. கடல்ல என்ன செய்றாகளோ அதையே இங்கயும் செஞ்சிருக்காரு."

தகடு வாங்கியவன் இவன். வளைத்தவன் இவன். வெயிலில் தொங்கிக்கொண்டு தையல் வைத்தவன் இவன். சிவப்பெழுத்தில் இருக்கும் பெயரும் இவனுடையதுதான். உள்ளே நாலு கட்டியைத் தொங்கவிட்டு விட்டு ஹெலிகாப்டர் ஏறிப் போனவன் பெயரில் தொட்டி எழுதப்பட்டுவிட்டது. மாரீஸ்வரனுக்குத் தூக்கம் கெட்டது. வெல்டிங் கண்ணாடிக்குள்ளும் அந்த நாலு கட்டிதான் தெரிந்தன.

அந்த மார்கழியில் வெள்ளத்துரை காரியாபட்டியில் இன்னொரு பிளான்ட் போட இடம் பார்த்தார். இதைவிடப் பெரிய பிளான்ட். மதுரை ரோட்டின் மேலேயே. அங்கே ஒரு தொட்டி நின்றால், அதில் தன் பெயர் இருந்தால், மதுரை வரைக்கும் போகிற அத்தனை பேரும் படிப்பார்கள். மாரீஸ்வரன் படம்கூடப் போட்டு வைத்திருந்தான். மாமனாரிடம் எடுத்துக்கொண்டு போனான்.

"இருங்க மருமகனே" என்றார் அவர், படத்தை வாங்காமலே. "சின்னவரு லீவுல வரட்டும். அவரு என்ன சொல்றாருன்னு பாத்துக்கிட்டு முடிவு பண்ணுவோம்."

பொங்கலுக்கு முன்னால் தொட்டியைக் காலி செய்து கழுவிப் பெயின்ட் அடிப்பது வழக்கம். வீடு, கடை, மாட்டுக் கொம்பு, தண்ணித் தொட்டி என்று அந்த வாரத்தில் அந்தப் பக்கம் பெயின்ட் படாத பொருள் இருக்காது. உள்பக்கம் அடிக்க எப்போதும் ஆள் வைக்கிற மாரீஸ்வரன், இந்தத் தடவை தானே இறங்கினான்.

நாலு கட்டியும் உருத் தெரியாமல் கிடந்தன. சொறி பிடித்து, வெள்ளை பூத்து, பாதிக்குப் பாதி கரைந்திருந்தன. வேறு யாராவது பார்த்திருந்தால் வீணாய்ப் போன சரக்கு என்று கழற்றி எறிந்திருப்பார்கள். மாரீஸ்வரன் அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு சுவரைத் தடவிப் பார்த்தான். பழைய பள்ளங்கள் அப்படியே நின்றிருந்தன. புதிதாக ஒன்றுகூட விழவில்லை. சகலை சொன்னது அத்தனையும் உண்மை. அது பொய்யாக இருந்திருந்தால் அவன் நிம்மதியாக மேலே ஏறி வந்திருப்பான்.

பிரஷ்ஷை முக்கினான். சுவருக்கு அடித்தான், அடித்தட்டுக்கு அடித்தான். கடைசியில் கட்டிக்கும் அடித்தான். காயவிட்டு இன்னொரு கோட்டும் அடித்தான். அந்தச் சொறி எல்லாம் மறைந்து கட்டிகள் பார்க்க லட்சணமாக இருந்தன. வித்தை தோற்கட்டும், சின்னவர் தொட்டி என்று இனி யார் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று நினைத்தான். தோற்றால் ஒழுகப்போவது தன் கையால் செய்த தொட்டி என்கிற சின்ன விஷயம் அவன் மண்டையில் ஏறவில்லை. பொறாமை ஒரு ஆளின் கண்ணைக் கட்டினால் முடிச்சைப் பின்னால் போடாது, மூக்குக்கு நேராகத்தான் போடும்.

ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தபோது தொட்டி வாய்விட்டது. பாதி தின்று வைத்திருந்த பள்ளங்களைத் தண்ணீர் மறக்காமல் வந்து முடித்துவிட்டது. ஒரு துளை இல்லை, இரண்டு துளை இல்லை. ரோட்டுப் பக்கச் சுவரிலும் ஊற்றியது. சிவப்பு எழுத்தின் மேல் துருக் கோடு வழிந்தது. அந்த ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கோட்டைச்சாமி பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணே, உங்க போன் நம்பர்லருந்து தண்ணி வருது. எட்டுல கொஞ்சம் அதிகமா வருது."

வெள்ளத்துரை போன் செய்தார். திட்டவில்லை. "அன்னைக்கே பிளாஸ்டிக் வாங்கியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். ஹரி லீவில் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பிளான்ட்டுக்கு வந்தார்கள். அக்காவும் தங்கையும் வேப்ப மரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியைக் காலி செய்து வைத்திருந்தார்கள். ஹரி டார்ச்சோடு உள்ளே இறங்கினான்.

மாரீஸ்வரன் கீழே நின்றான். வெயிலில் சுட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது, சுரண்டுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தில்தான் அவனுக்குப் பயம் வந்தது. சொல்லிவிடுவான், மூத்தவர் வேண்டுமென்று கெடுத்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவான்.

ஹரி இறங்கி வந்தான். அவன் விரல் நகத்தில் நீலப் பெயின்ட் சீவல் ஒட்டியிருந்தது.

"தப்பு எம்மேலதான் மாமா" என்றான். "கட்டி மேல பெயின்ட் ஏறியிருக்கு. பொங்கலுக்குச் சுத்தம் பண்ணையில அண்ணன் அதையும் சேத்து அடிச்சுட்டாக. அவுக வேலையில ஒரு கொறையும் இல்ல, தையல் பூராம் அப்படியே நிக்குது. இந்தக் கட்டி வெவரம் அவுகளுக்குத் தெரிஞ்சிருக்க ஞாயமில்ல. படக் கூடாதுன்னு ஒரு தடவை சொன்னதோட சரி, நாந்தான் ஏன்னு புரியிற மாதிரிச் சொல்லாமப் போயிட்டேன். கடல்லயே ஒரு தடவை காண்ட்ராக்டர் ஆளு அழகா இருக்கட்டும்னு இப்படி அடிச்சிருக்கான்."

அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வெள்ளத்துரை சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு மூத்த மருமகன் தோளில் கை போட்டார்.

"அவரு என்ன செய்வாரு, பாவம். கேட்டு, கிராதின்னு பொழைக்கிறவரு. கடல் வெவரம் அவருக்கு எங்க தெரியப் போகுது. தம்பி, ஒன்னு செய்வோம். காரியாபட்டித் தொட்டியையும் அவரே செய்யட்டும். நீங்க கூட நின்னு ஒவ்வொன்னாச் சொல்லிக் குடுத்துருங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. மதுரை ரோட்டில் தொட்டி, அதில் சிவப்பு எழுத்து, எல்லாம். மாரீஸ்வரன் தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். கெட்ட பெயர்கூட இல்லை. விவரம் தெரியாதவன் என்ற பெயர் ஒன்றுதான், அதைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

பாவம் என்ற அந்தச் சொல்லைத்தான் அவனால் தின்ன முடியவில்லை. இவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிக்க வேண்டுமா. அதுவும் இந்த இரும்பைப் பற்றி.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?" என்றார் வெள்ளத்துரை.

"எல்லாம் தெரியும். கட்டி கரையணும். அது கரைஞ்சாத்தான் தொட்டி நிக்கும். இரும்ப விடத் துத்தநாகம் தண்ணிக்கு லேசுல எரையாகும். கட்டியும் இரும்பும் ஒன்னையொன்னு தொட்டுக்கிட்டு இருக்கணும், ரெண்டும் தண்ணிக்குள்ள நனைஞ்சிருக்கணும். அப்பத்தான் கட்டியிலருந்து கரண்டு தண்ணி வழியா இரும்புக்கு வரும். அதுக்காகத்தான் நீ பட்டை வைக்கிற எடத்துல பெயின்ட்டத் தேச்சு எடுத்த. கட்டிய மூடினா கரண்டு நின்னுரும். அப்புறம் கோட்டிங் எங்க கீறியிருக்கோ அந்த எடமாப் பாத்துத் தண்ணி எறங்கும். கோட்டிங் எவ்வளவு நல்லா இருக்கோ, கீறல் விழுந்த எடம் அவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகும். இதப் போன வருஷம் சித்திரையில நீ மோரு ஊத்திக்கிட்டே சொன்ன. யாரும் கேக்கல. நான் கேட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "தெரிஞ்சுதான் அடிச்சேன். ரெண்டு கோட்டு."

வெள்ளத்துரை தோளில் போட்ட கையை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் வேர்வை சில்லென்று பட்டது.

ஹரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று மாரீஸ்வரன் காத்திருந்தான். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. சண்டை என்றால் இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்கலாம்.

"இத்தனையும் ஞாபகம் வச்சிருக்கீகளா" என்றான் ஹரி. "நானும் இந்த வீட்டுல கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். எல்லாரும் ஹெலிகாப்டரத்தான் கேப்பாக. நீங்க ஒருத்தர்தாண்ணே நான் சொன்னதக் கேட்டிருக்கீக." அதற்கு மேல் அவனுக்குக் குரல் வேறு மாதிரி ஆனது. "கேட்டுட்டு இப்படிச் செஞ்சுட்டீகளேண்ணே."

வெள்ளத்துரை வண்டிச் சாவியை எடுத்தார். "காரியாபட்டிக்குப் பிளாஸ்டிக் தொட்டி சொல்லிருங்க தம்பி" என்று இளையவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூத்தவனை அவர் பார்க்கவே இல்லை.

மாரீஸ்வரன் சுரண்டியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். யாரும் ஏறச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு நாளைக்குத் தண்ணி வேண்டும், துளையை அடைக்க வேண்டும், அதோடு கீழே நின்று யார் முகத்தையும் பார்க்க முடியாது. காலித் தொட்டிக்குள் வெக்கை அடுப்படியாக அடித்தது. முதல் கட்டியின் மேல் சுரண்டியை வைத்தான். நீலம் உரிந்தது. உள்ளே துத்தநாகம் பொங்கலுக்கு முன்னால் பார்த்த அதே அளவில், ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் இருந்தது. அதைச் சுற்றிலும் அவன் கையால் வளைத்த சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அதில் ஒரு வெளிச்சம் திடீரென்று மறைந்தது. பிறகு இன்னொன்று. வெளியே நின்று ஹரி துளைகளைத் தேடித் தேடிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். போகாமல் நின்று வேலை பார்க்கிறான். நல்லவனாக இருப்பதிலும் இவன்தான் முந்திக்கொள்வானா என்று மாரீஸ்வரனுக்கு இன்னொரு தடவை எரிந்தது.

"அண்ணே, எட்டுக்குப் பக்கத்துல இன்னொன்னு இருக்கா, பாருங்க" என்றது வெளியிலிருந்து குரல்.

இருந்தது. மாரீஸ்வரன் அந்த வெளிச்சத்தின் மேல் விரலை வைத்தான்.

"இருக்கு" என்றான்.

ஏணிக்கு மேலே தூக்குவாளி வைக்கிற சத்தம் கேட்டது. தங்கச்செல்வியின் கை மட்டும் தொட்டியின் மேல் வாய் வழியாகத் தெரிந்தது.

"மோரு வச்சிருக்கேன்" என்றாள். "ரெண்டு பேருக்கும் இருக்கு. முதல்ல தம்பிக்குக் குடுத்துட்டேன்."